சங்கிலிக்கு ஒரு புத்தகம் தேடி நாமக்கல் போனது

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ் காலை ஏழு மணிக்குப் புறப்படும் என்று கண்டக்டர் சொன்னார். சொன்னபடியே புறப்பட்டது. கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி, வழியில் நின்றவர்களையெல்லாம் கூவி அழைத்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை நின்றபோது, என் பக்கத்தில் கோழியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, “நாமக்கல்லு வந்துருச்சுங்களா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி வைத்திருப்பவள் நான். அந்த நேரத்தில் அது அஸ்தம்பட்டியில் என் வீட்டுக் கொட்டகையில், முகப்பு திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் ஒரு சாக்கின்மேல் பரப்பி வைக்கப்பட்டு, நின்றுகொண்டிருந்தது. அப்படிப் பரப்பி வைத்த மனிதர் எனக்கு முன் பெஞ்சியில் உட்கார்ந்து பக்கத்திலிருப்பவருக்கு மோட்டார் தொழிலின் நுட்பங்களை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் அர்த்தநாரி மேஸ்திரி. யுத்த காலத்தில் பஸ்ராவில் ராணுவ லாரி ஓட்டியவர். அவர் பழுது பார்க்காத வண்டி சேலம் ஜில்லாவில் இல்லை என்று சொல்வார்கள். சொல்பவர்களில் முதல் ஆள் அவரே.

நான் பிரசவம் பார்க்கும் டாக்டர். வீட்டை ஒட்டி நாலு கட்டில் போட்ட ஒரு விடுதி நடத்துகிறேன். சுற்றுப்புற ஊர்களிலிருந்து அழைப்பு வந்தால் போக வேண்டும். போன கார்த்திகையில் ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு நெசவாளர் ஓடி வந்தார். ஜட்காவைப் பிடித்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, பஸ் தாரமங்கலத்தில் நின்றுவிட, மாட்டு வண்டியில் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பும் வழியில்தான் மோட்டார் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

என் கைக்கு எட்டியது ஒரு பழைய வண்டிதான். பெல்ஜியம் தேசத்தில் செய்தது, பச்சை நிறம், நல்ல கட்டு. தரகர் மூலமாக வந்தது. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு முன்பக்கத்தில் ஏதோ கடகடவென்றது. உள்ளே ஒரு சங்கிலி தொய்ந்திருப்பதாக அர்த்தநாரி கண்டுபிடித்தார். கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். அதோடு வண்டி ஓடவில்லை.

மோட்டார் தெரியாதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். மற்ற வண்டிகளின் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக, புகை வெளியே வர, வால்வு என்கிற மூடிகள் உண்டு. என் வண்டியில் மூடியே கிடையாது. குழாய்க்குள் குழாய் மேலும் கீழும் வழுக்கும். அந்தக் குழாய்களில் ஜன்னல் போல ஓட்டைகள் இருக்கும். அவை சரியான சமயத்தில் ஒன்றுக்கு நேரே ஒன்று வரவேண்டும். அந்தச் சமயத்தைப் பார்த்துக்கொள்வது இரண்டு பல்சக்கரங்களும் அவற்றை இணைக்கும் சங்கிலியும். எந்தப் பல்லில் சங்கிலியைத் தொடங்குவது என்பதுதான் கேள்வி. ஒரு பல் தவறினாலும் வண்டி இருமும், கறுப்புப் புகை கக்கும், கைப்பிடியைச் சுற்றுகிறவரைத் திருப்பி அடிக்கும். அர்த்தநாரியின் வலது மணிக்கட்டில் அப்போதே ஒரு துணிக்கட்டு இருந்தது.

சென்னையில் இரண்டு மோட்டார் கடைகளுக்கு எழுதினேன். ஒன்று, அந்த வண்டியைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்று பதில் போட்டது. இன்னொன்று புது வண்டிகளின் படம் போட்ட விலைப்பட்டியலை அனுப்பியது. கடைசியில் தரகர்தான், வண்டியை முதலில் வாங்கியவர் நாமக்கல்லுக்குத் தெற்கே மோகனூர்ச் சாலையில் இருக்கும் பெரியண்ணக் கவுண்டர் என்றும், வண்டியோடு வந்த புத்தகம் அவர் வீட்டில் இருக்கலாம் என்றும் சொன்னார்.

“புஸ்தகத்தப் பாத்து ரிப்பேரு பண்றவன் மேஸ்திரிங்களா?” என்று அர்த்தநாரி கேட்டார். “இன்னும் நாலு நாள் குடுங்க, டாக்டரம்மா. நானே கண்டுபிடிச்சுப் போடறேன்.”

நாலு நாள் என்று அவர் கேட்டது அது ஐந்தாவது தடவை. நாளைக் காலை பஸ் நிலையத்துக்கு வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல். பஸ் கட்டணம் பத்தணா. மல்லூரில் டிரைவர் காப்பி சாப்பிட்டார். ஆண்டகளூர் கேட்டில் கண்டக்டருக்குத் தெரிந்த ஒருவரின் நிலக்கடலை மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். புதுச்சத்திரத்தில் காரணம் எதுவும் சொல்லாமல் நின்றோம். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடுகள், கிளுவை வேலி, வேலிக்கு அப்பால் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மாடுகள். மாசி மாதத்து வெயில் தகரக் கூரை வழியாக இறங்கியது. சாலையின் புழுதி முழுவதும் பஸ்ஸுக்குள்ளேதான் பயணம் செய்தது. நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது மணி பதினொன்று ஆகியிருந்தது. மாட்டு வண்டி பிடித்து மேலும் ஐந்து மைல் போனோம். வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் வந்தன; காற்றும் கொஞ்சம் மாறியது.

கவுண்டர் வீடு பெரிய ஓட்டு வீடு. வாசலிலேயே கவுண்டர் நின்றார். அறுபது வயதிருக்கும், வெள்ளை மீசை, மேலே துண்டு. நான் வண்டியிலிருந்து இறங்கி வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அர்த்தநாரியிடம் திரும்பி, “வாங்க. நம்ம பச்ச வண்டிக்காரருங்களா?” என்றார்.

“ஆமாங்க” என்றார் அர்த்தநாரி.

வண்டிக்காரி நான் என்று சொல்வதற்குள் கவுண்டரின் மனைவி பாவாயம்மாள் வெளியே வந்தார். உயரமான அம்மாள், காது நிறையத் தங்கம். என் கைப்பையைப் பார்த்தார்.

“அம்மிணி யாருங்க?”

“டாக்டரம்மாங்க. சேலத்துல பேரு வாங்கினவங்க” என்று அர்த்தநாரி பதில் சொன்னார். அவர் அன்று செய்த இரண்டாவது தவறு அது.

பாவாயம்மாள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மோர் கொடுத்தார். மோரைக் குடித்து நிமிர்வதற்குள் என் எதிரே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்திக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. இன்னொருத்திக்குப் பத்து வருஷமாக ஏப்பம்.

“நான் ஒரு புத்தகம் பார்க்க வந்தேன், அம்மா” என்றேன்.

“பாக்கலாமுங்க. புஸ்தகம் எங்க ஓடிப்போகுது? மொதல்ல இவ நாக்கப் பாருங்க.”

நாக்கைப் பார்த்தேன். முன்கூடத்திலிருந்து அர்த்தநாரியின் குரல் கேட்டது. பஸ்ராவில் பாலைவனத்து மணலில் லாரி சிக்கிய கதை. அது நீளமான கதை, நான் இருமுறை கேட்டிருக்கிறேன். கவுண்டர் இடையிடையே “அப்படீங்களா” என்றார். சங்கிலி என்ற சொல் காதில் விழவே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி என்னிடம் இருந்தது. கேட்கக்கூடிய இடத்தில் அர்த்தநாரி இருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவழியாக நான் முன்கூடத்துக்கு வந்தபோது லாரி மணலிலிருந்து வெளியே வந்திருந்தது.

“கேட்டீர்களா?” என்றேன்.

“பேச்சு இப்பத்தானுங்க அந்தப் பக்கம் போயிட்டிருக்குது” என்றார் அர்த்தநாரி.

நானே கவுண்டரிடம் கேட்டேன். வண்டியோடு வந்த புத்தகம் வேண்டும், அதற்காகத்தான் சேலத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். பிறகு அர்த்தநாரியிடம் சொன்னார்: “வண்டியத்தானுங்க நான் வித்தது. புஸ்தகத்த வித்ததாப் பேச்சே இல்லீங்களே.”

“பார்த்தால் போதும்” என்றேன்.

அவர் எழுந்து போனார். இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பட்டுத் துண்டில் சுற்றி ஒரு பெரிய சிவப்புப் புத்தகத்தை எடுத்து வந்தார். நிலப் பத்திரங்களோடு அதை வைத்திருந்தார் போலும். ஒவ்வொரு பக்கமாக அவரே புரட்டினார். பெட்ரோல் விலையும் மூன்று வருஷம் பொய்த்த மழையும் சேர்ந்து வண்டியை விற்க வைத்தன என்று தரகர் சொல்லியிருந்தார். அந்த மனிதரின் விரல் படங்களின்மேல் போன விதத்தைப் பார்த்தபோது, புத்தகத்தை ஏன் விற்கவில்லை என்பது புரிந்தது. ஆனால் எனக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சங்கிலியின் படம் கிடைத்தது. இரண்டு பல்சக்கரங்கள், அழகான படம். எதிர்ப் பக்கத்தில் அதற்கான விளக்கம் முழுப் பக்கம். அத்தனையும் பிரெஞ்சு.

எனக்கு இங்கிலீஷ் தெரியும். வைத்தியம் படித்ததில் கொஞ்சம் லத்தீன் வார்த்தைகளும் தெரியும். அந்தப் பக்கத்தில் எனக்குப் புரிந்தது பக்க எண் மட்டும். “இதை யாராவது படித்துச் சொன்னதுண்டா?” என்று கேட்டேன்.

“படிக்கறதுக்குங்களா?” என்றார் கவுண்டர். அந்த யோசனையே அவருக்கு வந்ததில்லை.

புத்தகம் வாசலைத் தாண்டாது என்பது அவர் தீர்மானம். ஆகவே பேனாவும் காகிதமும் எடுத்து, அர்த்தம் தெரியாத அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பிரதி எடுத்தேன். எழுத்துகளின் தலைமேல் கொம்பும் கூரையும் வைத்திருந்தார்கள்; அவற்றையும் விடாமல் போட்டேன். அர்த்தநாரி என் தோளுக்குப் பின்னால் நின்று, “படத்துல இருக்கற மாதிரியேதானுங்க நானும் மாட்டினேன்” என்றார். எழுதி முடித்தபோது விரலெல்லாம் மை. கை கழுவப் புழக்கடைக்குப் போனேன்.

அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் தலையைச் சாய்த்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். நிறை கர்ப்பத்துக்குக் கொஞ்சம் முந்திய வயிறு. என்னிடம் வந்த கூட்டத்தில் இவள் இல்லை. முகம் உப்பியிருந்தது, கண்ணிமை தடித்திருந்தது. எழுந்திருக்க முயன்றவளை உட்காரச் சொல்லி, கணுக்காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“அவளுக்கு ஒண்ணுமில்லீங்க” என்று பின்னாலிருந்து பாவாயம்மாள் சொன்னார். “என்ற மருமவ நாச்சம்மா. எட்டு மாசம். தலைவலின்னு சொல்லிப்போட்டு நாலு நாளா எந்த வேலையும் செய்யறதில்ல.”

“கண்ணில் ஏதாவது தெரிகிறதா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “மின்னாம்பூச்சி பறக்கற மாதிரி தெரியுதுங்க. பகல்லயே” என்றாள்.

அன்று காலையிலிருந்து எனக்கு இருந்த எரிச்சல் அந்த நிமிஷத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. அவள் சிறுநீரைக் கொஞ்சம் கேட்டு வாங்கி, பையிலிருந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். பாவாயம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் நகராமல் நின்றார். குழாய் கொதித்தது. தெளிவாக இருந்தது கலங்கியது. இரண்டு சொட்டுத் திராவகம் விட்டதும் கெட்டியாக வெள்ளை படிந்தது.

“என்னுங்க இது? முட்ட வெந்த மாதிரி ஆயிப்போச்சு?”

“உடம்பில் தங்க வேண்டிய சத்து வெளியே போகிறது. இது நல்லதில்லை. எந்த நேரமும் இவளுக்கு வலிப்பு வரலாம். வந்தால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது. இவள் இன்றே என்னோடு சேலம் வர வேண்டும்.”

பாவாயம்மாள் குழாயைத் தன் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதை என்னிடம் கொடுத்துவிட்டு முன்கூடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கவுண்டர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். மகன் ஒரு வழக்குக்காகத் திருச்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னார். “நாளைக்கி வந்துருவான். அவன் வந்து ஒரு வார்த்த சொல்லட்டுமுங்க. எட்டாம் மாசத்துல பொம்பளப் புள்ளய ரோட்டுல எப்படி…”

“அவன் வந்து என்னத்தச் சொல்லுவான்?” என்றார் பாவாயம்மாள். “அவனா வயித்துல சொமக்கறான்? நான் கண்ணால பாத்துட்டு வாரேன். வண்டியப் பூட்டச் சொல்லுங்க.”

கவுண்டர் எழுந்தார். ஆளைக் கூப்பிட்டார். மாடுகள் வரும்வரை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அந்த மோட்டார் இப்ப இருந்திருந்தா…” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் என் மை பட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வில்வண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, நாச்சம்மாளைப் படுக்க வைத்தோம். பாவாயம்மாள் தலையணைகளையும் துணி மூட்டையையும் ஏற்றினார். கடைசியில் பட்டுத் துண்டில் சுற்றிய அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து மூட்டையோடு உள்ளே தள்ளினார்.

“அவர் ஒத்துக்கொண்டாரா?” என்றேன்.

“இன்னும் கேக்கலீங்க. கேட்டா நான் சொல்லிக்கறேன். ஏறுங்க.”

நாமக்கல்லில் பஸ் போய்விட்டிருந்தது. போகாவிட்டாலும் அதில் அவளை ஏற்றியிருக்க மாட்டேன். ஒரு வாடகை மோட்டார் கிடைத்தது. அதன் டிரைவர் புதுச்சத்திரத்தில் டீ குடிக்க வேண்டும் என்றார். முன்னால் உட்கார்ந்திருந்த அர்த்தநாரி, “சேலத்துல நாலு டீ வாங்கித் தாரேன், மிதி” என்றார். பஸ்ரா கதை எதுவும் சொல்லவில்லை. குழி வரும் இடங்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார்: “மெதுவா… இப்பப் போ.” நான் பின்னால் நாச்சம்மாளின் தலையை மடியில் வைத்து, வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவில் வைக்கத் துணி சுற்றிய ஒரு கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நாலு மணி நேரம் எடுத்த சாலையை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தோம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு நீளமாக இருந்தது.

வலிப்பு வந்தது. ஆனால் என் விடுதியின் கட்டிலில், மருந்தும் ஆளும் பக்கத்தில் இருந்தபோது வந்தது. ஒரு தடவையோடு நின்றது. மறுநாள் முழுவதும் இருட்டறையில் படுக்க வைத்திருந்து, அதற்கு அடுத்த நாள் மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை, கையில் எடுத்தால் எடையே தெரியாத அளவு சிறியது. பஞ்சில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவில் வைத்து, தாய்ப்பாலைத் துளித்துளியாகக் கொடுத்தோம். பாவாயம்மாள் அந்த அறையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் குழந்தை சத்தமாக அழுதது. “தொண்ட நல்லாத்தான் இருக்குது” என்றார். அன்றுதான் அந்த அம்மாள் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

அதன் பிறகே எனக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. ஏற்காட்டுச் சாலையில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இருக்கிறார். பதினைந்து வருஷமாக இந்த ஜில்லாவில் இருப்பவர். அவரிடம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அர்த்தநாரியையும் கூட்டிப்போனேன், இந்தத் தடவை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

பாதிரியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் எழுத்தெழுத்தாகப் பிரதி எடுத்த அதே பக்கத்தை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, மறுபடி ஒருமுறை வாசித்தார்.

“மகளே, இதிலே சொல்லப்பட்டிருப்பது யாதெனில், சங்கிலியிலும் இரண்டு சக்கரங்களிலும் தொழிற்சாலையிலே மஞ்சள் வர்ணத்தினால் அடையாளம் இடப்பட்டிருக்கிறது. அந்த அடையாளங்களை ஒன்றுக்கொன்று நேராக வைக்க வேண்டும். அவ்வளவுதான். அவை அழிந்துபோகாதபடி மிகுந்த ஜாக்கிரதையாய் இருக்கவேண்டும் என்று பெரிய எழுத்திலே போட்டிருக்கிறார்கள்.”

நான் அர்த்தநாரியைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“மஞ்சளா ஏதோ இருந்துதுங்க” என்றார். “அழுக்குன்னு நெனச்சு மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சுப் போட்டனுங்க.”

“அடையாளம் அழிந்துபோனால் என்ன செய்வது என்று இருக்கிறதா, சாமி?” என்று பாதிரியாரைக் கேட்டேன்.

“இருக்கிறது. இன்ஜினைக் கழற்றி எங்கள் தொழிற்சாலைக்கு அனுப்பி வைக்கவும்.”

அந்தத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது என்பதை அவரிடம் சொன்னேன். அவர் எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். முப்பத்திரண்டு மைல் பஸ், ஐந்து மைல் மாட்டு வண்டி, ஏழு பெண்களின் நாக்கு, ஒரு முழுப் பக்கம் கொம்பும் கூரையும் போட்ட எழுத்து. இவ்வளவுக்கும் பிறகு அந்தப் புத்தகம் எனக்குச் சொன்னது, துடைக்காதே என்பதுதான். நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

“இந்தப் படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்குதுங்க?” என்று அர்த்தநாரி கேட்டார். என்னிடம் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் ஒரு சந்தேகம் கேட்டு நான் பார்த்ததில்லை. புத்தகத்தின் தொடக்கத்தில், இன்ஜினின் பெருமையை வாங்குபவருக்கு விளக்குவதற்காக, அதைக் குறுக்கே வெட்டிக் காட்டிய ஒரு படம் இருந்தது. அதை விரித்துப் பிடித்திருந்தார்.

பாதிரியார் வாசித்தார்: “பிஸ்டனானது உச்சியை அடைந்து கீழே இறங்கத் தொடங்கும் வேளையில், காற்று நுழையும் ஜன்னல் மெல்லத் திறக்கிறது.”

“இன்னொருக்கா சொல்லுங்க.”

பாதிரியார் இன்னொரு தடவை சொன்னார். அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு புத்தகத்தை மூடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கொட்டகைக்கு நடந்தார்.

காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தில் டார்ச்சு அடித்துப் பார்த்தார். சங்கிலியை ஒரு பல் தள்ளி மாட்டுவது, கைப்பிடியை மெதுவாகச் சுற்றுவது, ஜன்னல் திறக்கும் இடத்தைப் பார்ப்பது, திரும்பக் கழற்றுவது. அன்றும் மறுநாளும் இதுவே வேலை. நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகைப் பக்கம் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் மாலை திடீரென்று தெரு முழுவதும் நீலப் புகை வந்தது. புகைக்கு நடுவில், கடகடப்பு இல்லாமல், பட்டுத் துணி கிழிவது போன்ற அந்தப் பழைய சத்தம் கேட்டது. அர்த்தநாரி என்னிடம் வந்தார். ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் பெயிண்ட் வாங்கிவர நாலணா கேட்டார்.

நாச்சம்மாளையும் குழந்தையையும் நாற்பது நாள் கழித்து ஊருக்கு அனுப்பினேன். என் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவது என்று தீர்மானித்தேன். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அர்த்தநாரி ஓட்டினார். பாவாயம்மாள் குழந்தையை மடியில் வைத்துப் பின்னால் ஏறிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில். நாச்சம்மாள் வண்டிக்கு வெளியே தயங்கி நின்றாள்.

“என்ன?” என்றேன்.

“நான் முன்னால உக்காரட்டுங்களா?”

பாவாயம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாச்சம்மாள் அவரைப் பார்த்தே சொன்னாள்: “கல்யாணமாகி வந்தப்ப இந்த வண்டியிலதானுங்க, அத்த, என்னக் கூட்டிட்டு வந்தீங்க. சுத்தியும் படுதா. தலயக் குனிஞ்சுட்டே வந்தேன். போன மாசம் வந்தப்ப மல்லாந்து கெடந்தேன். ஒரு தடவகூட நான் ரோட்டப் பாக்கல.”

பாவாயம்மாள் குழந்தையின் துணியைச் சரிசெய்தார். “வெயில் மூஞ்சீல அடிக்கும். முந்தானையப் போத்திக்கோ” என்றார்.

அவள் முன்னால் ஏறினாள். முந்தானையைப் போர்த்திக்கொள்ளவில்லை. ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். இது எந்த ஊர், இந்தக் கிளைப் பாதை எங்கே போகிறது, தூரத்தில் தெரியும் அந்த மலைக்கரடுக்குப் பேர் என்ன. பாதிக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. போன தடவை இதே வழியில் நான் பஸ்ஸையும் புழுதியையும் மேஸ்திரியையும் திட்டிக்கொண்டு போனேன், ஊர்களைப் பார்க்கவில்லை. அர்த்தநாரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆண்டகளூர் கேட்டில் அவள் நிறுத்தச் சொல்லி, ராசிபுரம் போகும் பாதையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அங்கே அவளுக்கு யாரும் இல்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது என்றாள்.

கவுண்டர் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். திருச்சியிலிருந்து திரும்பியிருந்த மகன் குழந்தையை வாங்கப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கவுண்டர் பேத்தியைப் பார்த்தார், நெற்றியில் விபூதி வைத்தார். பிறகு வண்டியை ஒரு சுற்று நடந்து பார்த்தார். புத்தகத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். பட்டுத் துண்டைப் பிரித்து, அட்டையில் கிரீஸ் கறை இருப்பதைக் கண்டு அர்த்தநாரியை ஒரு பார்வை பார்த்தார்.

“வண்டி ஓடற சத்தத்த ஒருக்காக் கேக்கணுமுங்க” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

கிளப்பச் சொன்னேன். இன்ஜின் ஓடத் தொடங்கியது. வழக்கம்போல வாசல் முழுக்கப் புகை. கவுண்டர் புகைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த பாஷையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். மேஸ்திரி கையில் மண்ணெண்ணெயைக் கொடுக்காதீர்கள். இவ்வளவையும் கேட்டு நடந்தாலும் எரிச்சல் தப்பாது. என் வண்டி இன்னும் மைலுக்கு மைல் எண்ணெய் குடிக்கிறது, மேட்டூர்ச் சாலையில் ஒரு தடவை சக்கரம் கழன்றது, அஸ்தம்பட்டி ஜனங்கள் அதன் புகையைப் பற்றி என்னிடம் வந்து முறையிடுகிறார்கள். ஆனால் போன வாரம் ஜலகண்டாபுரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போனேன். அங்கே எனக்கு வேலை இருந்தது.

நாச்சம்மாளை விட்டுவிட்டு அன்று நாமக்கல்லிலிருந்து திரும்பும்போது பின் இருக்கை முழுவதும் காலியாக இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அர்த்தநாரி காத்திருந்தார். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.